டிராம் போன தடம்



"மலருக்கு ஏதாவது சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கல்லூரியின் சரித்திரத்தை எழுத என்னைவிட மூத்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். நாமெல்லாம் இந்தக் கல்லூரிக்கு எதில் ஏறி வந்தோம் என்பதன் சரித்திரம். அதாவது, கடந்த 130 வருஷங்களாகச் சென்னைப் பட்டணம் எதில் ஏறிற்று, எதிலிருந்து இறங்கிற்று, அதில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்ற கணக்கு.

இதை இப்போது எழுத ஒரு காரணமும் உண்டு. சென்ற பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷன் பக்கத்துக் கேட்டை ஒட்டியிருக்கும் பழைய சைக்கிள் ஸ்டாண்டை இடித்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் தூங்குமூஞ்சி மரங்களில் ஆறை எடுத்துவிட்டு, நூறு கார் நிற்க இடம் செய்வது. செலவு நம் சங்கத்தின் நன்கொடை. அடுத்த பொதுக்குழுவில் அது ஓட்டுக்கு வரப்போகிறது. அன்று கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிஷம். இங்கே பல பக்கம் கொடுத்திருக்கிறார்கள். விடுவேனா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் பிரிவு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் காருக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கார்தான் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டிலும் ஒரு கார் நிற்கிறது. அம்மாவை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, குடும்பத்தோடு ஊருக்குப் போக அது வேண்டும். ஆகவே "கார் ஒழிக" என்று கோஷம் போட நான் வரவில்லை. தெருமுனையில் தயிர் வாங்கவும் கார்தானா, தினசரி ஒற்றை ஆளாக ஆபீஸ் போகவும் கார்தானா என்பதுதான் என் கேள்வி.

டிராம் வந்த கதை

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது நமக்குத் தெரியும். ஆனால் ஊருக்குள்ளே போக்குவரத்து என்று பார்த்தால், வசதி உள்ளவர்களுக்குக் குதிரை வண்டி, ஜட்கா, மாட்டு வண்டி, மற்றவர்களுக்குக் கால். இந்த நிலையில்தான் 1895 மே 7-ந் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான். கல்கத்தாவுக்கு 1902-லும் பம்பாய்க்கு 1907-லும்தான் மின்சார டிராம் வந்தது. லண்டன் மாநகரமே நமக்குப் பின்னால்தான்.

நம் பிரிவு ஆசாமிகளுக்குப் பிடித்த ஒரு விஷயம் இதில் இருக்கிறது. முதலில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்துக்கு நடுவே ரோட்டுக்கு அடியில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் மின் கம்பியை ஓட்டி, ஒரு பிளவு வழியாக வண்டி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் நம் ஊர் ஐப்பசி மழையைக் கணக்கில் சேர்க்கவில்லை. தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு கம்பியை மேலே ஏற்றிவிட்டார்கள். துறைமுகம், பாரிஸ் கார்னர், மவுண்ட் ரோடு, பூந்தமல்லி ரோடு என்று தடம் விரிந்தது. 1921 வாக்கில் 24 கி.மீ. பாதையில் 97 வண்டிகள் ஓடின.

அதே காலத்தில்தான் மோட்டார் காரும் நம் ஊருக்குள் நுழைந்தது. மவுண்ட் ரோடு சிம்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-லேயே நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். சென்னையின் 'எம்.சி. 1' என்ற முதல் பதிவு எண்ணை வாங்கியவர் துறைமுகத்தைச் சீர்படுத்திக் கட்டிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவரும் எஞ்சினியர்தான்! ஆக, காரை ஊருக்குள் கொண்டுவந்த பெருமையிலும் நம் ஜாதிக்குப் பங்கு உண்டு. ஆனால் அன்று கார் என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய பிரபுக்களின் சமாச்சாரம். குமாஸ்தாவும் மாணவரும் கூலிக்காரரும் காய்கறிக்காரியும் ஏறியது டிராமில்.

மின்சார ரயில் வளர்த்த ஊர்கள்

அடுத்த பெரிய மாற்றம் 1931-ல். அன்றைய தென்னிந்திய ரயில்வே, பீச்சிலிருந்து தாம்பரம் வரை 29 கி.மீ. மீட்டர் கேஜ் பாதைக்கு மின்சாரம் கொடுத்தது. ஏப்ரல் 2-ந் தேதி கவர்னர் தொடங்கிவைத்தார். மே மாதம் பொதுமக்களுக்கு ஓட ஆரம்பித்தது. இந்தியாவில் பம்பாய்க்கு அடுத்தபடி புறநகர் மின்சார ரயில் நமக்குத்தான். நெரிசல் நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா?

இதனால் ஊர் வளர்ந்த விதமே மாறிற்று. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். ஸ்டேஷன், வாசலில் மார்க்கெட், அதை ஒட்டிப் பள்ளிக்கூடம், டாக்டர், ஓட்டல். நடக்கிற தூரத்தில் எல்லாம் கிடைத்தது. இப்படி ஒரு ஊரை அமைக்க இன்று வெளிநாட்டு ஆலோசகர்களைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கிறோம். நம் தாத்தாக்கள் காலத்தில் ஒரு ரயில் பாதை அதைத் தானாகவே செய்துவிட்டது.

1960-களின் கடைசியில் அந்தப் பாதை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறிற்று. மீட்டர் கேஜ் மின்சார ரயிலின் கடைசி ஓட்டம் 2004 ஜூலையோடு முடிந்தது. என் பேட்ச் 2005-ல் கல்லூரியில் சேர்ந்தபோது அகலப்பாதை வண்டிதான். சீனியர்கள் அந்தக் குட்டி வண்டியின் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். மாணவர் சீசன் டிக்கெட் விலையைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் இன்றைக்கு நம்ப மாட்டார்கள். ஒரு வேளை டீ செலவைவிடக் குறைவான தினக் கணக்கில் நாம் படித்து முடித்தோம்.

பெட்ரோல் இல்லாத வருஷங்கள்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது என்ன நடந்தது என்பது நாம் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய பாடம். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுக்கும் சாதனத்தைத் தயாரித்தது. பஸ்ஸின் பின்னால் ஒரு கொப்பரை மாதிரி அதை மாட்டி, கரியைப் போட்டுக் கிளறி, கரிவாயுவில் வண்டியை ஓட்டினார்கள். வண்டி திணறும், புகையும், மேட்டில் நிற்கும். ஆனாலும் ஓடிற்று. பஸ் நின்றால் ஊர் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எண்ணெய் என்பது எங்கோ கப்பலில் வர வேண்டிய சரக்கு. 1973-ல் அரபு நாடுகள் தடை விதித்தபோது உலகமே அதை மறுபடியும் கற்றுக்கொண்டது. இன்றும் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. தேவையில்லாமல் ஒரு லிட்டர் எரிக்கும்போது நாம் எரிப்பது அந்நியச் செலாவணியை.

டிராம் போனது

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. 1947-ல் அரசாங்கமே நகரத்தில் பஸ் விட ஆரம்பித்தது. பஸ்ஸின் போட்டியைத் தாங்க முடியாமல், நஷ்டத்தில் விழுந்த டிராம் கம்பெனி, 1953 ஏப்ரல் 12-ந் தேதி கடையை மூடிற்று. எடுத்து நடத்த யாரும் முன்வரவில்லை. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, இல்லாவிட்டால் தாரால் மூடப்பட்டன.

அதில் பெரிதாகத் தப்பு காண முடியாது என்றே நினைக்கிறேன். டிராமுக்குப் பதில் பஸ் வந்தது. பஸ்ஸும் பொதுச் சொத்துதான். 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஆயிரத்துச் சொச்சம் பஸ்களோடு பிறந்தது. கூட்டம் வழியும், படியில் தொங்குவார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு விஷயம் கவனிக்காமல் போய்விட்டது. டிராமுக்கு என்று ரோட்டில் ஒரு தடம் இருந்தது. கார்க்காரரோ வண்டிக்காரரோ அந்தத் தடத்தைக் கடக்கலாம். மறித்துக்கொண்டு நிற்க முடியாது. பஸ்ஸுக்கு அப்படி எந்தத் தடமும் கொடுக்கவில்லை. ரோடு பொது என்று ஆயிற்று. பொது என்று ஆன இடத்தில் எது எண்ணிக்கையில் பெருகுகிறதோ அதுதான் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அறுபது பேரைச் சுமக்கும் பஸ், ஒருவரைச் சுமக்கும் காருக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிற காட்சிக்கு அஸ்திவாரம் 1953-ல் போட்டதுதான்.

சைக்கிள் காலம்

டிராம் போன ரோட்டில் முதலில் நிறைந்தது கார் அல்ல, சைக்கிள். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொழிற்சாலை போட்டு ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. வாத்தியார், தபால்காரர், மில் தொழிலாளி, பால்காரர் எல்லோருக்கும் அதுதான் வாகனம். மணிக்கு இத்தனை காசு என்று வாடகை சைக்கிள் கடை இல்லாத தெரு கிடையாது. நாம் இன்று இடிக்கப் போகிற அந்த ஸ்டாண்டும் அந்தக் காலத்துக் கட்டடம்தான். கூரை ஓட்டைப் பாருங்கள், தெரியும்.

சைக்கிளின் மகிமையை ரொம்பத் தெளிவாகக் காட்டியது சென்னை அல்ல, புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதை எழுத்தறிவோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், ஆசிரியைகள், அங்கன்வாடி ஊழியர்கள், சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டாம் என்று ஆயிற்று. பி. சாய்நாத் எழுதிய பிறகு உலகமே அதைப் படித்தது. பிறகு 2001-02-ல் அரசாங்கம் மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, போகப்போக மற்ற மாணவர்களுக்கும் விரிவாக்கியது. இன்று நம் கல்லூரியில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த சைக்கிளில் பிளஸ் டூ முடித்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆச்சரியப்படுவீர்கள்.

மொபெட்டும் காரும் வந்தன

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. மிதித்துக் களைத்த காலுக்கு அது வரப்பிரசாதம். 1991-க்குப் பிறகு கதவு திறந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. வங்கிகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. நம் சீனியர்கள் பலருக்கு வேலை கொடுத்தது இந்த வளர்ச்சிதான். எனக்கும்தான். "இந்தியாவின் டெட்ராய்ட்" என்று சென்னைக்குப் பெயர் வந்தபோது நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் விடியற்காலை நின்று பாருங்கள். கார் செய்யும் தொழிற்சாலைக்கு ஆட்கள் எதில் வருகிறார்கள்? கம்பெனி பஸ்ஸில். வரிசையாக பஸ்கள் வந்து ஷிப்டுக்கு ஆளை இறக்கிவிட்டுப் போகும். நானும் அப்படித்தான் போகிறேன். போகும்போது தூக்கம், வரும்போது பேப்பர், நாலு பேரோடு அரட்டை. ஒரு ஷிப்டில் வருகிற ஆயிரம் பேரும் ஆளுக்கொரு காரில் வந்தால், காரைச் செய்யும் இடத்தைவிட அதை நிறுத்தும் இடம் பெரிதாகிவிடும். கார் கம்பெனிக்கே தெரிந்த கணக்கு இது. நமக்குத் தெரிய வேண்டாமா?

பாலம் கட்டினால் தீருமா?

1973-ல் ஜெமினி மேம்பாலம் வந்தது; சென்னையின் முதல் மேம்பாலம். 1990-களின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பல பாலங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் திறந்தபோது "அப்பாடா" என்றிருந்தது. சில வருஷத்தில் பாலத்தின் மேலேயே நெரிசல்.

இது சென்னையின் குறை அல்ல. அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கர் 1962-லேயே இதை எழுதிவிட்டார்: நகரத்து விரைவுச் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும், நெரிசல் நேரத்தில் வண்டிகள் வந்து அதை நிரப்பிவிடும். இடம் கிடைக்கிறது என்று தெரிந்தால், நேற்று ரயிலில் போனவர் இன்று காரை எடுப்பார். அவ்வளவுதான் சூட்சுமம். எதிர்ப்பக்கமும் உண்மை. தென் கொரியாவின் சியோல் நகரத்தில் ஊர் நடுவே போன உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்க ஆரம்பித்து, அடியில் மூடிக் கிடந்த ஓடையை 2005-ல் திறந்துவிட்டார்கள். ஊர் ஸ்தம்பிக்கவில்லை. ஜனங்கள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாறிக்கொண்டார்கள்.

நெதர்லாந்தைச் சொன்னால் "அது சைக்கிள் தேசம், நமக்கு ஒத்துவராது" என்பார்கள். 1960-களில் அங்கேயும் ஊர் முழுக்கக் காருக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1971-ல் மட்டும் ரோட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டபோது, காலியான ரோட்டில் பிள்ளைகள் விளையாடுவதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகுதான் சைக்கிள் பாதைகள் வளர்ந்தன. தானாக வந்ததில்லை, கேட்டு வாங்கியது.

நம் ஊரிலும் வேலை நடக்காமல் இல்லை. பறக்கும் ரயில் 1995-ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று ஊர்ந்து ஊர்ந்து போனது. மெட்ரோ 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே தொடங்கி, 2021-ல் விம்கோ நகரைத் தொட்டது. மாநகராட்சி 2014-ல் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் முதலிடம் கொடுக்கும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா, "மாசம் அந்தக் காசு என் கையில நிக்குது தம்பி" என்றார். அவருக்கு அது சம்பள உயர்வு.

கொஞ்சம் கணக்கு

எஞ்சினியர் கட்டுரையில் கணக்கு இல்லாவிட்டால் எப்படி? நாலே நாலு கணக்கு.

முதல் கணக்கு, இடம். ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர், பன்னிரண்டரை சதுர மீட்டர். உள்ளே வர, திருப்ப வழி சேர்த்தால் சுமார் 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடி. நம் ஹாஸ்டலில் இரண்டு பேர் இருந்த அறை இந்த அளவு இருந்ததா? நூறு காருக்கு 2,500 சதுர மீட்டர். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும்.

இரண்டாவது கணக்கு, தடம். மூன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கடத்தலாம் என்று போக்குவரத்துப் பொறியியலில் ஒரு கணக்கு சொல்வார்கள். நகர ரோட்டில் கார் என்றால் சுமார் 2,000 பேர். பஸ் என்றால் 9,000. சைக்கிள் 14,000. நடை என்றால் 19,000! மெதுவாகப் போகிறவன்தான் அதிகம் பேர் போகிறான். எழுபது கிலோ மனிதனை நகர்த்த ஆயிரம் கிலோ இரும்பையும் சேர்த்து நகர்த்துகிறோம் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாவது கணக்கு, பணம். போக வர 30 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 750 கி.மீ. ஊர் நெரிசலில் லிட்டருக்கு 15 கி.மீ. என்று வைத்தால் 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஐயாயிரம் ரூபாய். தவணை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் தனி. நகரப் பஸ்ஸில் ஏ.சி. இல்லாத வண்டிகளில் மாதம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போக ஆயிரம் ரூபாய் பாஸ் போதும். மீதியை எதில் போடலாம் என்று நான் சொல்ல வேண்டாம், வீட்டில் சொல்வார்கள்.

நாலாவது கணக்கு, உடம்பு. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குக் கால் மணி நேரம் வேகமாக நடை, திரும்பக் கால் மணி நேரம், வாரம் ஐந்து நாள். பெருக்கிப் பாருங்கள், சரியாக 150. ஜிம்முக்குக் காரில் போய், அங்கே ஓடும் பெல்ட்டில் நடக்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உயிர்க் கணக்கு

மேலே சொன்ன நாலும் லாப நஷ்டக் கணக்கு. ஐந்தாவது அப்படி அல்ல. 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் 17,884 உயிர்கள். நம் கல்லூரியில் ஒரு வருஷத்துக்குச் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனசு கனக்கிறது.

எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன். மூன்றாம் வருஷம், ஒரு சாயங்காலம் லேப் முடித்து ஸ்டேஷனுக்கு நடந்தான். கேட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிஷ நடை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வளைவில் நடைபாதையும் கிடையாது, விளக்கும் கிடையாது. பின்னால் வந்த கார் ஓரமாக ஒதுங்கப் பார்த்து அவனை அடித்துவிட்டது. இரண்டு இடத்தில் கால் எலும்பு முறிவு. ஒரு செமஸ்டர் போயிற்று. கேம்பஸ் இன்டர்வியூ போயிற்று. இன்று நல்ல நிலையில் இருக்கிறான், ஆனால் மழைக்காலத்தில் கால் வலிக்கிறது என்று போனில் சொல்வான். அதே வளைவில் போன மாதம் நடந்து பார்த்தேன். விளக்கு ஒன்று வந்திருக்கிறது. நடைபாதை இன்னும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

இதுதான் என்னை எழுத வைத்தது. சென்னையில் சி.எம்.டி.ஏ. 2008 வாக்கில் எடுத்த கணக்கில் தினசரிப் பயணங்களில் பாதிக்கு மேல் நடையும் பஸ்ஸும்தான். காரில் போனது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் கல்லூரியில் வித்தியாசம் இன்னும் அதிகம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் வரும் நமக்கு நூறு கார் நிற்க இடம். வருஷம் பூராவும் வரும் பிள்ளைகளுக்கு நடக்க ஓரடி இடம் இல்லை. நன்கொடை கொடுக்கிறவர்கள் நாம் என்பதற்காக நம் வசதியை முதலில் வைக்கலாமா?

என் யோசனை

கூட்டத்தில் ஒரு சீனியர் அண்ணன் அன்போடு கேட்டார்: "ஏம்ப்பா, எழுபது வயசுல நாங்க ஸ்டேஷன்ல இருந்து நடந்து வரணுமா?" நியாயமான கேள்வி. வேண்டாம் அண்ணா. மெயின் பில்டிங் முன்னால் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இருபது காருக்கு வழி இருக்கிறது. அதை மூத்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மட்டும் என்று ஒதுக்கலாம். சந்திப்பு நாளன்று ஸ்டேஷனிலிருந்து கல்லூரி பஸ்ஸே போய் வந்துகொண்டிருக்கலாம். பஸ்களும் டிரைவர்களும் நம்மிடமே இருக்கிறார்கள்.

நூறு காருக்கு என்று ஒதுக்கும் நன்கொடையை இப்படிச் செலவழிக்கலாம் என்பது என் யோசனை. ஒன்று, பழைய சைக்கிள் ஸ்டாண்டின் கூரையை மாற்றி, பூட்டிவைக்க இரும்புக் குழாய் பதித்து, காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் ஆளும் வைப்பது. இரண்டு, நம் காம்பவுண்டுச் சுவரை ஸ்டேஷன் ரோட்டு வளைவில் இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, அந்த இடத்தை நடைபாதையாக விடுவது. நிலம் நம்முடையது; அனுமதி கேட்டு அலைய வேண்டிய வேலை குறைவு. மூன்று, அந்தப் பாதை நெடுகிலும் விளக்கு. சிவில் பிரிவு நண்பர் ஒருவர் உத்தேச மதிப்பீடு போட்டுப் பார்த்தார். கார் நிறுத்தத்துக்குச் சொன்ன தொகைக்குள் மூன்றும் அடங்கும். வரைபடத்தையும் மதிப்பீட்டையும் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம். ஆறு மரமும் அப்படியே நிற்கும்; அதற்குச் செலவே இல்லை.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் சம்பளம் வந்ததும் கார் லோனுக்குப் போன் வரும். வாங்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் வாங்கினால்தான் எங்கள் தொழிற்சாலை ஓடும். வீடு பார்க்கும்போது மட்டும் முதலில் ஸ்டேஷனோ பஸ் ஸ்டாப்போ நடக்கிற தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக அமைந்துவிட்டால், கார் உங்களுக்கு வேலைக்காரனாக இருக்கும். அமையாவிட்டால் நீங்கள் அதற்கு வேலைக்காரர்.

1953-ல் டிராம் தடத்தை எடுத்தபோது, நடப்பவர்களிடமும் பஸ்ஸில் போகிறவர்களிடமும் யாரும் வந்து ஓட்டுக் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள். கூட்டம் காலை பத்து மணிக்கு. முடிந்தவர்கள் மின்சார ரயிலில் வாருங்கள். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுப் பிறகு கையைத் தூக்குங்கள்.